சதுப்புப் பாதையில் இரும்புக் கல்

ஓல்ஷோவா, 8 மார்ச் 1936

இயேசு கிறிஸ்து புகழப்படுவாராக! நீங்க அங்கேயிருந்தே "என்றென்றும், ஆமென்"னு சொல்லிட்டதா வச்சுக்கிட்டு மேலே எழுதுறேன்.

என் வாலென்டிக்கு,

நான் சுகம். பசுவும் சுகம், போன வாரம் கன்னு போட்டுச்சு. ஒரு கடவாய்ப் பல்லுதான் மாசக்கணக்கா என் உயிரை வாங்குது. உங்க இருமல் எப்படி இருக்கு? அந்த லொரேன் நாட்டுச் சுரங்கத்துல இன்னும் முட்டியளவு தண்ணியா?

விஷயத்துக்கு வர்றேன். உலகத்துல எல்லாருக்கும் திடீர்னு இரும்பு வேணுமாம். இங்கே செஸ்தொஹோவா பக்கம் மூடிக் கிடந்த குழியையெல்லாம் திறக்கப் போறாங்க. புதுசா ஒரு குழி தோண்டவும் இடம் தேடுறாங்க. ஜூலை மாசம் ஒரு பொறியாளர் ஊர் ஊரா நடந்து பார்க்க வர்றாராம். யார் நிலத்துல கல்லு தட்டுப்படுதோ அவங்க காட்டணும்னு நம்ம ஊர்த்தலைவர் ஷிமோன் பூசை முடிஞ்சு வெளிய வந்ததும் சொன்னாரு.

நேத்து அப்பா நிலத்துல, அந்தச் சதுப்புப் பாதை ஓரமா, தண்ணி வடிய வாய்க்கால் வெட்டினேன். மண்வெட்டி 'ணங்'குனு பட்டுச்சு. துரு நிறத்துல, ரொட்டி மாதிரி உருண்டையா கல்லு. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா. ஒரு கல்லைத் தூக்க ரெண்டு கை வேண்டியிருந்துச்சு.

இது இரும்புக் கல்லா? அஞ்சு வருஷம் இங்கே தோண்டினீங்க, ஆறு வருஷம் அங்கே. உங்களைக் கேக்காம யாரைக் கேப்பேன்? ஸ்டேஷன்ல என்ன சொன்னீங்க? "ஊர்ப்பக்கம் குழி திறந்தா அடுத்த ரயில்ல வந்துடுவேன் பெலா"ன்னு. அந்த ஒரு வாக்கியத்தை வச்சுத்தான் ஆறு வருஷமா குடும்பம் நடத்திக்கிட்டிருக்கேன்.

உங்க பெலாகியா

•

லொரேன், 29 மார்ச் 1936

என்றென்றும், ஆமென்!

அன்பு பெலாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். இருமல் இருக்கிற இடத்துலயே இருக்கு. பல்லைப் பிடுங்கித் தொலை, கிராம்பு வச்சு ஏமாத்தாதே.

உன் கடிதத்தை நாலு தரம் படிச்சேன். சதுப்புப் பாதை ஓரம்னு எழுதியிருக்கே. சரி. கல்லைப் பத்திச் சொல்றேன், பொறுமையாச் செய்.

இங்கே நான் தோண்டுறது வேற மாதிரி. மீன் முட்டை மாதிரி பொடிப் பொடி மணி ஒட்டிக்கிட்டிருக்கும். நம்ம ஊர்க் கல்லு களிமண்ணுக்குள்ள உருண்டையா விளையும். மொதல்ல கனம் பாரு: அதே அளவு தீக்கல்லு ஒரு கையில, இது ஒரு கையில. இது நல்லாவே இழுக்கணும். அப்புறம் சுத்தியலால உடை. தோல் வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்கா உரியும், உள்ளே சாம்பல் நிறமா, இறுக்கமா இருக்கும். தோலைக் கிண்ணத்தோட அடியில, பளபளப்பு பூசாத இடத்துல உரசு. மஞ்சளும் பழுப்புமா கோடு விழுந்தா நல்லது. சிவப்பா விழுந்தா அது வேற ஜாதி.

உள்பக்கத்தைப் பொடி பண்ணி அதுல ஊறுகாய்க்கு ஊத்துற காடியை ஊத்து. சூடு பண்ணாத பச்சைக் காடிக்குப் பொங்கக் கூடாது. பொங்கினா அது சும்மா சுண்ணாம்புக் கல்லு. காடியைச் சூடு பண்ணி ஊத்தினா மெல்ல மெல்லக் குமிழி வரணும். கடைசியா, ஒரு துண்டை அடுப்புத் தணல்ல ரெண்டு மணி நேரம் போடு. கறுத்துப் போகும். அப்போ காந்தம் பிடிச்சா அது இரும்புக் கல்லுதான். சுடுறதுக்கு முன்னாடி பிடிக்காது, அவசரப்படாதே.

ஒவ்வொண்ணையும் செஞ்சு எனக்கு விவரமா எழுது. தனித்தனியா எழுதினாலும் பரவாயில்ல.

உன் வாலென்டி

•

ஓல்ஷோவா, 19 ஏப்ரல் 1936

உயிர்த்த ஆண்டவர் புகழப்படுவாராக!

கல்லு வாத்தியாருக்கு,

ஈஸ்டர் நல்லபடியா போச்சு. பல்லைப் பிடுங்கிட்டேன், கன்னம் வீங்கிப் போய்த்தான் மந்திரிக்கிற ஈஸ்டர் முட்டைக் கூடையைக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனேன். ஷிமோன் என்னைப் பார்த்து, "ஏம்மா, முட்டையை மந்திரிக்கக் கொண்டாந்தியா, வாயிலேயே போட்டுட்டியா?"ன்னாரு. அந்த ஆளுக்கு என் வாயி மேல எப்பவும் ஒரு கண்ணு.

நீங்க சொன்னதையெல்லாம் செஞ்சேன். கனம்: ஜெயிச்சாச்சு. உடைச்சேன்: உள்ளே சாம்பல், விரலால தடவினா பட்டு. கோடு: கடுகு நிறம். நல்ல கிண்ணம் ஒண்ணு பாழ். பச்சைக் காடி ஊத்திட்டு மூச்சு விடாம பார்த்துக்கிட்டே நின்னேன், ஒரு குமிழி வரலை. எனக்குன்னா சந்தோஷம் தாங்கலை. காடி பொங்கலைன்னு சந்தோஷப்பட்ட பொம்பளை இந்த ஜில்லாவுல நான் ஒருத்திதான். சூடு பண்ணி ஊத்தினதும் ஓரமா முணுமுணுன்னு குமிழி வந்துச்சு.

காந்தத்துக்குத் தையல்காரி மார்சியன்னா கிட்ட போனேன். ஊசி பொறுக்க வச்சிருக்கா. "உன் புருஷனை இழுக்கவா?"ன்னு கேட்டா. ஆமாடின்னு சொன்னேன். தணல்ல கிடந்த துண்டு கறுத்துப் போச்சு, அதுகிட்ட காந்தத்தைக் கொண்டு போனதும் டக்குனு ஒட்டிக்கிச்சுங்க! அடுப்படியில உக்காந்து அழுதுட்டேன். வெக்கமா இருக்கு, ஆனா எழுதுறேன்.

இப்ப சொல்லுங்க, எப்போ வர்றீங்க?

பெலாகியா

•

லொரேன், 10 மே 1936

என்றென்றும், ஆமென்!

அன்பு பெலாவுக்கு,

கன்னம் வத்திடுச்சா? நான் சுகம்.

எல்லாத்தையும் சரியாச் செஞ்சிருக்கே. எங்க மேஸ்திரியே இவ்வளவு சுத்தமாப் பார்க்கமாட்டான். காடிக்கு முன்னாடி மூச்சு விடாம நின்னதைப் படிச்சுச் சிரிச்சேன். எத்தோரே, அதான் என் அறையில இருக்கிற இத்தாலிக்காரன், தோளைத் தட்டி என்ன விஷயம்னு கேட்டான். எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது?

ஆனா ஒரு கல்லை வச்சுச் சொல்லிட முடியாது. பத்துக் கல்லாவது பாக்கணும். வேற வேற இடத்துல எடு. களிமண்ணு எப்படி இருக்கு, கல்லைச் சுத்தி வளைஞ்சு போகுதா, அதையும் எழுது. மேலாகக் கிடக்கிற கல்லு ஊர் சுத்தி, அது எங்கேயிருந்து வந்துச்சுன்னு அதுக்கே தெரியாது. பொறியாளர்கிட்ட இப்பவே வாயை விடாதே.

முன்னெல்லாம் நீ கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு, ஈஸ்டருக்கு ஒண்ணுதான் எழுதுவே. இப்ப அடிக்கடி எழுதுறே. எனக்கு அது நல்லா இருக்கு.

உன் வாலென்டி

•

ஓல்ஷோவா, 31 மே 1936

கர்த்தர் புகழப்படுவாராக!

என் வாலென்டிக்கு,

நானும் பசுவும் கன்னும் சுகம். பத்துக் கல்லையும் பார்த்தாச்சு. பத்தும் தேறுச்சு. இப்ப எனக்கு உடைக்கவே வேண்டாம், கையில எடுத்தாலே தெரியுது. நேத்து மார்சியன்னா வீட்டு ஊறுகாய்ப் பானை மேல பாரம் வச்சிருந்த கல்லைத் தூக்கிப் பார்த்துட்டு, "இது சுண்ணாம்புக் கல்லு, மாத்து"ன்னுட்டேன். அவ என்னைப் பேயைப் பார்க்கிற மாதிரி பார்த்தா.

களிமண்ணு பத்திக் கேட்டிருந்தீங்க. களிமண்ணு இருக்கு.

வீட்டுக்கு வெள்ளையடிச்சேன். கட்டில்ல உங்க பக்கத்துக் கால் ஆடுச்சு, அதுக்கு ஆப்பு வச்சேன். இப்படியே போனா வந்தவுடனே நீங்க செய்ய ஒரு வேலையும் மிஞ்சாது. சும்மா உக்காந்து ஹார்மோனிக்கா வாசிங்க. அங்கே வாசிக்கிறீங்களா? நீங்க ஒரு கடிதத்துலயும் சொல்றதே இல்ல. சாயங்காலம் வேலி ஓரமா நிக்கிறப்ப எனக்கு அந்தச் சத்தம்தான் வேணும்போல இருக்கு. இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் சொல்றேன், சிரிக்காதீங்க.

பொறியாளர் ஜூலை பத்தாம் தேதி வர்றாரு.

பெலாகியா

•

லொரேன், 28 ஜூன் 1936

என்றென்றும், ஆமென்!

பெலாவுக்கு,

சுகம். வேலை நிறுத்தம் நடந்துச்சு, இப்ப முடிஞ்சுது. ஹார்மோனிக்காவை எத்தோரேவுக்குக் கொடுத்துட்டேன். அவன் நல்லா வாசிக்கிறான்னு எல்லாரும் சொல்றாங்க.

பெலா, பொறியாளரை அந்தப் பாதைப் பக்கம் கூட்டிட்டுப் போகாதே. மேட்டு நிலத்தைக் காட்டு, ஓடைக்கரையைக் காட்டு. காரணம் கேக்காதே.

வாலென்டி

•

ஓல்ஷோவா, 20 ஜூலை 1936

வாலென்டிக்கு,

உங்க கடிதம் வந்து சேர்ந்தது பன்னெண்டாம் தேதி. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

பொறியாளர் வந்தாரு. வயசு அதிகமில்ல, ஒல்லி, காலில் நல்ல பூட்ஸ். பின்னாடியே ஷிமோனும் பாதி ஊரும். நான் கறுத்த துண்டு, காந்தம், கிண்ணம் எல்லாத்தையும் பலகை மேல பரப்பி, நீங்க சொன்னபடியே ஒண்ணொண்ணா விளக்கினேன். குறுக்கே பேசாம கேட்டாரு. கல்லை முகர்ந்து, உடைச்சு, "சுத்தமான இரும்புக் கல்லு"ன்னாரு. எனக்குக் காலு தரையில நிக்கலை.

அப்புறம் அவரோட ஆளுங்க தோண்டினாங்க. ரெண்டடிதான். கல்லு தீர்ந்து போச்சு. கீழே கட்டை. குறுக்கே குறுக்கே அடுக்கின மரக்கட்டை, அதுக்குக் கீழே கறுப்புச் சேறு. கல்லுக் குவியலுக்குள்ள துருப்பிடிச்ச வண்டிக் கடையாணி ஒண்ணு கிடந்துச்சு. அவர் அதைத் தூக்கிக் காட்டி, "இதுவும் இங்கேதான் விளையுதா அம்மா?"ன்னாரு. ஊரே சிரிச்சுச்சு. ஷிமோன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டாரு. அப்பா தான் போட்ட பாதைன்னு சொல்லுவாரே, பழைய குழியில வீசின கல்லைக் கொண்டாந்துதான் கொட்டியிருக்காரு போல.

உங்ககிட்ட ஒண்ணை மறைச்சேன். அந்தக் கட்டையை நான் ஏப்ரல்லயே பார்த்தேன். மண்வெட்டி பட்டுச்சு. ஏதோ வேருன்னு மனசைச் சமாதானம் பண்ணிக்கிட்டு மண்ணைத் தள்ளி மூடிட்டேன். கட்டைன்னு எழுதினா நீங்க வரமாட்டீங்கன்னு பயம்.

குழி இங்கே இல்ல. பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி வெட்டுறாங்க. அந்தப் பக்கத்து ஆளுங்களைத்தான் எடுப்பாங்களாம். எனக்கு உங்களைப் பார்க்கணும். வேற ஒண்ணும் எழுதத் தோணலை.

பெலாகியா

•

லொரேன், 6 செப்டம்பர் 1936

இயேசு கிறிஸ்து புகழப்படுவாராக!

பெலாவுக்கு,

ஏழு வாரம் பதில் போடலை. ஆறு தரம் எழுதி ஆறு தரம் கிழிச்சேன்.

அந்தக் கல்லைக் கொட்டினது நான்தான்.

நம்ம கல்யாணத்துக்கு முந்தின குளிர்காலம். நீ நகரத்துல அந்த மருந்துக்கடைக்காரர் வீட்டுல வேலைக்கு இருந்தே. உங்கப்பா கிட்ட பொண்ணு கேக்கணும்னு மூணு தரம் கிளம்பினேன். மூணு தரமும் அந்தச் சதுப்புல முட்டி வரைக்கும் இறங்கி, சேறும் சகதியுமா நடு வழியிலேயே திரும்பிட்டேன். இந்தக் கோலத்துல போய் எவன் பொண்ணு கேப்பான்? குழியில ஷிஃப்ட் முடிஞ்சதும் கழிச்சுப் போட்ட கல்லை வண்டியில ஏத்திக்கிட்டு வந்து கொட்டினேன். கட்டையை அடியில அடுக்கினதும் நான்தான். நாப்பது நடை அடிச்சேன். நாலாவது தரம் சுத்தமான பூட்ஸோட போய்க் கேட்டேன். உங்கப்பா, "பாதை நான் போட்டதுன்னு ஊர்ல சொல்லிக்கிறேன், பொண்ணை நீ கூட்டிட்டுப் போ"ன்னாரு. அப்படித்தான் முடிஞ்சுது. கடையாணி என் வண்டியோடது.

உன் முதல் கடிதத்துலேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா நீ கேட்டிருந்தே. பதில் எழுதினா நீ திரும்ப எழுதுவே. காடி, காந்தம், கிண்ணம்னு நான் இழுத்துக்கிட்டே போனேன். ஊர் சிரிக்கிற அளவுக்குப் போகும்னு நினைக்கலை. என்னை மன்னிச்சுடு.

வாலென்டி

•

ஓல்ஷோவா, 27 செப்டம்பர் 1936

வாலென்டிக்கு,

மன்னிப்பா? உங்க கடிதத்தை அடுப்புல போடப் போனேன். அப்புறம் அந்த நாப்பது நடையைப் படிச்சிட்டு எடுத்து வச்சுக்கிட்டேன். அப்பா கடைசி வரைக்கும் தன் பாதைன்னே பெருமை அடிச்சாரே, பாவி மனுஷன்!

ஒரு சேதி சொல்றேன். அந்தப் பொறியாளர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாரு. புதுக் குழிக்குப் போனேன். பலகை மேல ஏழு கல்லு வச்சிருந்தாரு. எல்லாத்து மேலயும் ஒரே பழுப்புச் சேறு பூசி, பார்க்க ஒண்ணுபோலவே இருந்துச்சு. "பிரிச்சுக் காட்டு"ன்னாரு. ஒண்ணு லேசு, நாக்குல வச்சேன், ஒட்டிக்கிச்சு: வெறும் களிமண்ணு. ஒண்ணைத் தட்டினேன், கந்தக நாத்தம். ஒண்ணுல ஓட்டை ஓட்டையா இருந்துச்சு, அது எவனோ உலையில வடிச்ச கசடு. தீக்கல்லு, சுண்ணாம்புக் கல்லு போக மீதி ரெண்டையும் இரும்புக் கல்லுன்னு தனியா எடுத்து வச்சேன். அவர் தொப்பியைக் கழட்டினாரு. "அன்னைக்கு இடம்தான் தப்பு, கல்லு தப்பில்ல"ன்னாரு.

திங்கக்கிழமையிலேர்ந்து நான் அங்கே கல்லுப் பிரிக்கிற கொட்டகையில வேலைக்குப் போறேன். ஆம்பளைகளையும் எடுக்கிறாங்க, குழி தெரிஞ்சவங்க போதலையாம். உங்க பேரைச் சொன்னேன். வரச் சொல்லுன்னாரு.

ஆகவே, இங்கே வேலை இல்லைன்னு இனிமே நீங்க எழுத முடியாது. ஒழுங்கா ஒரு பதில் வேணும். வர்றீங்களா, இல்லையா? அங்கே எவளாவது இருக்காளா? இருந்தா அதையும் எழுதிடுங்க. நான் செத்துப் போகமாட்டேன். ஆனா வேலியோரம் நிக்கிறதை நிறுத்திடுவேன்.

பெலாகியா

•

லொரேன், 25 அக்டோபர் 1936

பெலாவுக்கு,

எவளும் இல்ல. பரிசுத்த மாதா மேல சத்தியம்.

எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருஷம் ஆச்சு. உள்ளே வெடி வச்சப்போ ரொம்பக் கிட்ட நின்னுட்டேன். வலது காது அன்னைக்கே போச்சு. இடது அந்தக் கோடைக்குள்ள போச்சு. இப்ப மேலே வண்டி நிரப்புற இடத்துல வச்சிருக்காங்க. கூப்பிடணும்னா எத்தோரே தோளைத் தட்டுவான். ஹார்மோனிக்காவை அதனாலதான் கொடுத்தேன்.

உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? உன் குரல் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. நீ திட்டுறது, கோழியைக் கூப்பிடுறது, எல்லாம். உன் கடிதத்தைப் பிரிச்சா அந்தக் குரல்லதான் படிக்கிறேன். உலகத்துல எனக்குக் கேக்கிறது அது ஒண்ணுதான். வீட்டுக்கு வந்தா நீ எதிர்ல நிப்பே, வாய் அசையும், சத்தம் வராது. பார்த்துப் பார்த்து இந்த ஞாபகமும் அழிஞ்சுடுமோன்னு பயமா இருக்கு. அதான் "வேலை கிடைக்கட்டும்"னு எழுதிக்கிட்டே இருந்தேன். உண்மையைச் சொல்லிட்டேன். இனி நீ சொல்றபடி.

வாலென்டி

•

ஓல்ஷோவா, 8 நவம்பர் 1936

இயேசு கிறிஸ்து புகழப்படுவாராக! இதுக்குப் பதிலை நீங்க நேர்ல வந்துதான் சொல்லணும்.

என் வாலென்டிக்கு,

உங்க கடிதத்தை மாட்டுக்கொட்டகையில நின்னுக்கிட்டே படிச்சேன். வைக்கோல் மேல உக்காந்து ஒரு மூச்சு அழுதேன். அழுது முடிச்சதும் கோபம் வந்துச்சு. ரெண்டு வருஷமா வாயை மூடிக்கிட்டிருந்தீங்களே, நீங்க மனுஷனா, இல்ல உடைச்சுப் பார்த்தாத்தான் உள்ளே இருக்கிறது தெரியுமா?

நான் வேலை செய்யிற இடத்தைப் பத்திச் சொல்றேன், கேளுங்க. கல்லைக் கழுவ ஒரு பெரிய இரும்பு உருளை சுத்துது. காலையில சுத்த ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் இடி இடிச்ச மாதிரி. பக்கத்துல நிக்கிறவ தொண்டை கிழியக் கத்தினாலும் ஒண்ணும் கேக்காது. அதனால கொட்டகையில யாருமே வாயால பேசுறதில்ல. எல்லாம் கையிதான். ரொட்டிக்கு உள்ளங்கையை அறுக்கிற மாதிரி. மேஸ்திரி வர்றாருன்னா தொப்பியை இழுக்கிற மாதிரி. கனமான கல்லுன்னா தோளைச் சாய்க்கணும். மாட்டு மூளைன்னு திட்டுறதுக்கும் ஒண்ணு இருக்கு, அதை மொத நாளே கத்துக்கிட்டேன். புருஷன்னா மீசையை முறுக்கணும். இருபது பொம்பளைங்க நாள் பூரா இப்படித்தான் ஊர்வம்பு பேசுறோம், ஒரு வம்பும் தப்புறதில்ல. மூணு வாரத்துல நான் சண்டையே போட்டுட்டேன், ஜெயிக்கவும் செஞ்சேன்.

பொறியாளர்கிட்ட உங்க காது விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. உருளையைக் காட்டி, "இங்கே யாருக்கும்மா காது கேக்குது? வரச் சொல்லு"ன்னாரு.

குரல் அழிஞ்சுடும்னு பயப்படுறீங்க. எனக்கும் பயம்தான். உங்க முகம் எனக்குச் சரியா ஞாபகம் வரமாட்டேங்குது. ஆறு வருஷத்துல மூக்கு எப்படி இருந்துச்சுன்னே மறந்து போச்சு. உங்களுக்குக் கேக்காது, எனக்கு ஞாபகம் வராது. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்து இதைச் சரிபண்ணிக்குவோம்.

இன்னொண்ணு. வருஷா வருஷம், குடும்பத்துல ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு உடைக்கிற அந்த மெல்லிசு கிறிஸ்துமஸ் அப்பத்துல பாதியை உடைச்சு உறையில வச்சு அனுப்புவேன், தூளாத்தான் வந்து சேர்ந்துச்சுன்னு நீங்க எழுதுவீங்க. இந்த வருஷம் அனுப்பப் போறதில்ல. மேசை மேல முழுசா வச்சிருப்பேன். நீங்க வந்து மறுபக்கத்தைப் பிடிக்கிற வரைக்கும் அதை உடைக்கமாட்டேன்.

உங்க பெலா